பனி பிரியும் பருவம்: யாழ்ப்பாணத்து ஊர்நடையும் மனையின்பமும்

ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்தல் தமிழ் நூலோர் மரபு. ஆவணியும் புரட்டாதியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில் என உரையாசிரியர்கள் திங்கள் வரையறுத்து உரைப்பர். இவற்றுள் பின்பனி பிரிந்து இளவேனில் புகும் காலம், அஃதாவது மாசி நடுப்பகுதி தொடங்கிச் சித்திரைப் புத்தாண்டு ஈறாகவுள்ள ஏறத்தாழ ஒன்றரைத் திங்கள், யாழ்ப்பாணக் குடாநாட்டில் தனியழகு வாய்ந்தது. அவ்வழகினைத் துய்த்தற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, நெடும்பயணமும் வேண்டுவதில்லை. வைகறையில் ஊரொழுங்கை வழியே சிறிது தூரம் நடத்தலும், மாலையில் வீட்டு முற்றத்திற் சிறிது பொழுது அமர்ந்திருத்தலுமே போதும். எனினும், கற்றோர் பலருக்கும் அது புலப்படாது கழிகின்றது. அங்ஙனம் புலப்படாமைக்குக் காரணம் யாது, அதனைக் காணும் வழி யாது என்பன சிந்தித்தற்குரியன.

முதற்காரணம், இந்நாட்டு மாணவர் உள்ளத்தில் இரண்டு இரவல் வசந்தங்கள் குடிகொண்டிருத்தலாகும். ஒன்று ஆங்கிலப் பாடநூல்கள் தந்தது. அதில் உறைபனி உருகும், மொட்டை மரங்கள் துளிர்க்கும், உறங்கிய நிலம் விழித்தெழும். மற்றொன்று தமிழ் இலக்கியம் தந்தது; அதில் பொதியமலைத் தென்றல் தவழும், ஆற்றிடைக்குறையில் மணல் விளங்கும், பொழிலிற் குயில் கூவும். இரண்டும் தத்தம் நிலத்துக்கு உண்மையானவையே. ஆனால், குடாநாட்டில் உறைபனியும் இல்லை, மலையும் இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. புத்தகத்திற் கண்டதைத் தேடிப் புறத்தே செல்பவன் அதனைக் காணாது, இங்கு வசந்தமென்று ஒன்று இல்லையென முடிவுகட்டி விடுகின்றான். இல்லாதது வசந்தமன்று, அதனை இன்ன அடையாளங்களால் அறிதல் வேண்டும் என்னும் அறிவேயாம்.

குடாநாட்டின் பருவ ஒழுங்கினை நோக்குவோம். ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றினால் ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்துவிடுகின்றது. ஆதலின் நிலம் மிகப் பசுமையாகத் தோன்றுவது மார்கழியிலும் தையிலுமேயாம். மாசியில் நெல்லரிவு முடிந்து வயல்கள் தாளடியாய்க் கிடக்கும், புல் பழுக்கும், குளங்களின் ஓரம் வெடிக்கும். தரையை மாத்திரம் பார்ப்பவனுக்கு இது வறட்சியின் தொடக்கமாகவே தோன்றும். ஆனால், அவன் தலையை நிமிர்த்திப் பார்ப்பானாயின், அதேவேளையில் வேம்பு பழைய இலைகளை உதிர்த்துவிட்டுச் செப்புநிறத் தளிர் விடுவதைக் காண்பான். இலுப்பையும் அவ்வாறே இலையுதிர்த்துச் செந்தளிரும் பூவும் கொள்ளும். புல் வாடும் வேளையில் மரம் தளிர்ப்பதே இந்நிலத்து வசந்தத்தின் இயல்பு. மேலைநாட்டு வசந்தம் குளிரின் முடிவில் வருவது. குடாநாட்டு வசந்தம் மழைக்கும் வெயிலுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு இளைப்பாறுதல்.

மழை நின்று இரண்டு திங்கள் கழிந்தபின் மரங்கள் தளிர்ப்பதற்கு நீர் எங்கிருந்து வருகின்றது? விடை நிலத்தின் கீழே இருக்கின்றது. குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்தது. பெய்த மழையின் ஒரு பகுதி அப்பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, உட்குழிவுகளிற் சேர்ந்து நிற்கின்றது. சுற்றிலும் கடலாதலின், பாறைக்குள்ளே உவர்நீரும் ஊறியிருக்கும். நன்னீர் உவர்நீரினும் எடை குறைந்ததாகலின் அதன்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கும். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அம்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. இக்கணக்கின் மறுபக்கத்தையும் உணர்தல் வேண்டும். மேலே ஓரடி நீர் குறையுமாயின், கீழே உவர்நீர் பன்மடங்கு உயர்ந்து வரும். வேம்பின் ஆழ்ந்த வேர் மாசியிற் பருகுவது கார்த்திகையில் இறங்கிய மழையையே. ஆகவே, பங்குனித் தளிர் என்பது பாறைக்குள் வைத்த மழையின் சேமிப்பு. அச்சேமிப்பினைக் கணக்கின்றி இறைத்துச் செலவிடும் ஊரில் கிணறு உவர்ப்படைதலும், தோட்டம் கெடுதலும் தவிர்க்க முடியாதவை. வசந்தத்தின் அழகும் கிணற்றின் நலமும் ஒரே கணக்கின் இரு வரிகள் என்பதை ஊர்நடை செல்வோர் மறத்தலாகாது.

இனி, ஒழுங்கை வழியே செல்வோம். யாழ்ப்பாணத்து ஒழுங்கையின் இருமருங்கும் வேலியாதலின், அவ்வேலியே முதற் பாடநூலாகும். கதியாலாக நட்ட கிளுவை இக்காலத்தில் இலையுதிர்த்து, மெல்லிய தோலுரியும் தண்டோடு நிற்கும். அதன் பக்கத்தே சீமைக்கிளுவை இலையின்றிக் கொம்பு நிறைய வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பூவைச் சொரியும். கலியாண வீட்டிற் கன்னிக்காலாக ஊன்றப்படும் முள்முருக்கு, இப்போது இலையை நீத்துத் தீக்கொழுந்து போன்ற செம்பூவை ஏந்தும். அப்பூவினை நாடி மைனாவும் காகமும் தேன்சிட்டும் வரும். பூவரசின் பூ காலையில் மஞ்சளாய் விரிந்து, மாலையாகுமுன் சிவப்பேறி வாடும். ஒரே நாளிற் போகும்போது ஒரு நிறமும் திரும்பும்போது வேறொரு நிறமும் காணலாம். வேலியடியில் முசுட்டைக் கொடியும் கொவ்வையும் தூதுவளையும் மாரியின் ஈரத்தை இன்னும் விடாது பற்றிக்கொண்டிருக்கும். வளவுகளுக்குள்ளே கறுத்தக்கொழும்பான் மாவிற் பூங்கொத்துகள் உதிர்ந்து பிஞ்சு தெரியும். பங்குனி பிற்பகுதியில் வேம்பு பூக்கத் தொடங்கும். காண்பதற்கு எளிய சிறு பூ. ஆயினும், காற்றில்லாத வைகறையில் அதன் மணம் ஒழுங்கை முழுவதும் நிறைந்திருக்கும்.

ஒழுங்கை கடந்து வெளிக்கு வந்தால் மற்றொரு பாடம் தொடங்குகின்றது. வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் இடைப்பட்ட வல்லைவெளி, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு கடனீரேரியோடு கலக்கும் அராலிப் பகுதி, தீவகத்துக்குச் செல்லும் பாதையின் இருபக்கத்து ஆழமற்ற நீர்ப்பரப்பு ஆகிய இடங்களில் மாசியிற் சேறு வெளிப்படும். அச்சேற்றிற் சிறு உள்ளான்கள் கூட்டங்கூட்டமாய் இரைதேடும். கூட்டம் எழும்போது ஒரு துணியை உதறினாற்போல ஒரே கணத்தில் திரும்பி வெண்மை காட்டும். ஊசிவால் வாத்துகளையும், சில இடங்களிற் பூநாரைகளையும் காணலாம். குடாநாட்டின் கிழக்கெல்லையை அடுத்த சுண்டிக்குளம் 1938 ஆம் ஆண்டிலேயே சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, 2015 இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது இப்பறவைகளின் பொருட்டேயாம்.

இப்பறவைகளிற் பெரும்பாலன இங்குக் கூடு கட்டுவதில்லை. வடபுலத்துக் கடுங்குளிருக்கு அஞ்சிப் புரட்டாதி ஐப்பசியில் வந்தவை, பங்குனி சித்திரையில் தம் பிறப்பிடம் நோக்கிப் புறப்படும். அங்கே கோடை தொடங்கும்; பகல் நீளும்; குஞ்சுகளுக்குப் புழுபூச்சி பெருகும். இங்கே ஏரிச்சேறு காய்ந்து இரை அருகும். ஆகவே, குடாநாட்டு வசந்தம் வரவேற்பின் பருவம் மாத்திரமன்று, விடைகொடுக்கும் பருவமுமாம். காலையும் மாலையும் ஆறு மணியளவில் இருசீர்க் குரலெழுப்புவதால் ஆறுமணிக்குருவி எனப் பெயர்பெற்ற அழகிய பறவையும் இவ்வாறு வந்து போவதே. அதன் குரல் ஓய்ந்த வளவிற் குயிலின் குரல் ஓங்கும். குயில் எங்கும் போகாது இங்கேயே வாழ்வது. காகம் கூடு கட்டும் காலம் நெருங்குவதனாற் கூவுகின்றது. சென்ற குரல் எது, நின்ற குரல் எது எனக் கேட்டறிபவனுக்குப் பங்குனி ஒரு நாளும் மற்றொரு நாள் போல இராது.

நடந்து வந்தவனை வீடு வரவேற்கின்றது. இப்பருவத்து மனையின்பங்கள் யாவும் புறத்தே கண்டவற்றின் தொடர்ச்சியே. புரட்டாதியிற் பாத்தியிலிட்ட பனம்விதைகள் தையிலும் மாசியிலும் கிழங்காகக் கிண்டப்படும். அவித்த கிழங்கினைச் சுற்றியிருந்து தும்பு களைந்து உண்ணுதல் ஒருநாட் பொழுதின் இன்பம். பச்சைக் கிழங்கைக் கிழித்து உலர்த்தி ஒடியலாக்குதலும், அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்குதலும் ஆண்டு முழுவதற்குமான ஏற்பாடு. ஒடியல் மாவிற் கூழ் காய்ச்சி, முற்றத்திற் கூடியிருந்து பனையோலைப் பிளாவிற் பருகும் மாலைக்கு ஒப்பான விருந்து அரிது. பனையிற் பாளை சீவும் காலமும் இதுவே. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசுவதனால் புளிப்பேறாது நிற்கும் சாறே கருப்பநீர். அதனைக் காய்ச்சிக் குட்டானில் வார்த்தாற் பனங்கட்டி.

வேம்பு பூத்ததும் மரத்தடியைக் கூட்டிச் சாணந்தெளித்து, பாய் விரித்து வைப்பர். உதிர்ந்த பூவைச் சுளகிற் புடைத்து, அரைத்த உழுந்தோடும் அரிந்த வெங்காயத்தோடும் மிளகாயோடும் குழைத்து, தட்டி வெயிலில் உலர்த்தினால் வேப்பம்பூ வடகமாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. வடகம் காய்வதற்கு மழையற்ற நல்வெயில் வேண்டும். பூவோ சில கிழமைகளே கிடைப்பது. இரண்டும் ஒருங்கே பொருந்துவது இப்பருவத்தில் மாத்திரமே. பருவமறிந்து கைவேலை செய்யும் இல்லத்துப் பெண்கள் நாட்காட்டியைப் பார்த்தா இதனைச் செய்கின்றனர்? மரத்தைப் பார்த்தே செய்கின்றனர். அவர்தம் அறிவு ஏட்டில் ஏறாத பருவநூல் என்றாற் பிழையாகாது.

இரவில் முற்றமே வானநூற் பள்ளி. மாசி மாலையில் உச்சியை அண்டி மிருகசீரிடமும் திருவாதிரையும் நிற்கும். தென்திசையில் அகத்திய விண்மீன் தனித்து ஒளிரும். முழுமதி மாசியில் மகத்தையும், பங்குனியில் உத்தரத்தையும், சித்திரையில் அப்பெயருடைய விண்மீனையும் அண்டி வருவதைக் கண்ணாற் காணும் மாணவன், திங்கட் பெயர்களும் திருவிழா நாள்களும் எங்கிருந்து பிறந்தன என்பதை ஒருபோதும் மறவான். குடாநாட்டின் வடகரையில் நின்றால், கடல்விளிம்புக்கு மேல் ஏறத்தாழ 10 பாகை உயரத்தில் துருவமீன் தோன்றும். ஓரிடத்தில் துருவமீனின் உயரமே அவ்விடத்தின் அகலக்கோடு என்னும் பாடத்தை அக்கரை ஒரு நொடியில் உணர்த்திவிடும்.

பகலிலும் முற்றம் ஒரு புதுமை காட்டும். யாழ்ப்பாணத்தின் அகலக்கோடு வடக்கு 9 பாகை 40 கலை. கதிரவன் வடக்கு நோக்கிப் பெயரும்போது இக்கோட்டுக்கு நேர்மேலே வருவது ஏப்பிரல் 14, 15 ஆம் நாள்களை ஒட்டியாகும். அஃதாவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டி. அந்நாளில் நண்பகல் 12 மணி 10 நிமிட அளவில், முற்றத்தில் நேரே நட்ட ஒரு கோலுக்கு நிழல் இராது. அதற்கு முன்னைய நாள்களில் நண்பகல் நிழல் வடக்கே விழும். பின்னைய நாள்களில் ஆவணி நடுப்பகுதி வரை தெற்கே விழும். பஞ்சாங்கத்தின்படி கதிரவன் மேடராசியிற் புகும் நாளும், ஊரின் தலைக்கு மேல் நிற்கும் நாளும் இக்காலத்தில் அண்மித்து அமைந்திருத்தல் வியப்புக்குரியது. இஃது என்றும் இவ்வாறு இருந்ததன்று. பகலும் இரவும் ஒத்த மார்ச்சு 20 ஆம் நாளுக்கும் புத்தாண்டுக்கும் இன்று ஏறத்தாழ 24 நாள் இடைவெளி உண்டு. புவியச்சின் மெல்லிய சுழற்சியாகிய அயனசலனத்தால் இவ்விடைவெளி ஏறத்தாழ 71 ஆண்டுக்கு ஒருநாள் வீதம் வளர்ந்து வந்தது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளின் முன் அவ்விரு நாள்களும் ஒன்றாயிருந்தன. ஆதலின், நூலிற் சொல்லிய பருவத்துக்கும் நிலத்திற் காணும் பருவத்துக்கும் இடையே வேறுபாடு தோன்றுதல் நூலின் குறையன்று, காலத்தின் நடையேயாம். கண்ணாற் கண்டு ஒப்புநோக்குதல் ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய கடமை.

ஈண்டு ஒரு கவலைக்கும் இடமுண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர் வருகின்றது என்பதைத் தேர்வுக்கு எழுதும் மாணவன், தன் வீட்டு வேலியில் நிற்கும் பத்துச் செடிகளுக்குப் பெயர் சொல்ல இயலாது திகைக்கின்றான். ஹென்றி திரைமன் என்னும் ஆங்கிலத் தாவரநூலறிஞர் 1893 ஆம் ஆண்டிற் பதிப்பிக்கத் தொடங்கிய இலங்கைத் தாவர நூலிற் செடிகளுக்குத் தமிழர் வழங்கிய பெயர்களையும் குறித்து வைத்தார். அப்பெயர்களை அவருக்குச் சொல்லக்கூடிய மக்கள் அன்று ஊர்தோறும் இருந்தனர். பெயர் தெரியாத பொருளைக் கண் காண்பதில்லை. கண் காணாத பொருளை வெட்டும்போது கை தயங்குவதுமில்லை. வேலிகள் மதிலாக மாறுந்தோறும் கிளுவையோடும் முள்முருக்கோடும் அவற்றின் பெயரும் ஒழிந்து போகின்றன.

போர்க்காலம் இவ்விழப்பைப் பெருக்கிற்று. 1990 இல் வலிகாமம் வடக்கின் பல ஊர்கள் மக்களின்றி அடைபட்டன. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையினர் ஓரிரவில் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். தம் ஒழுங்கையில் நடத்தல் என்னும் எளிய உரிமையும் இல்லாது வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. 2009 இற் போர் முடிந்தபின் நிலங்கள் பகுதி பகுதியாகத் திரும்பக் கிடைத்தபோது, பிள்ளைகளுக்குத் தம் ஊரின் மரம் எது, குளம் எது என்று முதியோர் காட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. காட்டிக்கொடுப்பதற்கு முதியோர் எஞ்சியிராத வீடுகளும் உள. ஊர்நடை என்பது பொழுதுபோக்கு மாத்திரமன்று, மீட்டெடுத்த உடைமையை அறிந்துகொள்ளும் வழியுமாம் என்பது இதனாற் பெறப்படும்.

இதற்குப் பாடசாலைகள் செய்யத்தக்கது மிக எளிது. இங்கிலாந்தின் நோபோக்குப் பகுதியில் வாழ்ந்த ரொபேட் மார்சம் என்பவர் 1736 ஆம் ஆண்டு தொடங்கி, எந்த மரம் எந்நாளில் தளிர்த்தது, எப்பறவை எந்நாளில் வந்தது என்று 27 அறிகுறிகளை ஆண்டுதோறும் குறித்து வந்தார். அவருக்குப்பின் அவர் வழித்தோன்றல்கள் 1958 வரை அதனைத் தொடர்ந்தனர். அமெரிக்க நாட்டுக் கொன்கோட் என்னும் ஊரில் ஹென்றி டேவிட் தோரோ 1850 களில் நடந்து திரிந்து எழுதிவைத்த பூக்குறிப்புகளைக் கொண்டே, அங்கு இன்று பூக்கள் ஏறத்தாழ ஒரு கிழமை முந்தி மலர்வதை ஆராய்ச்சியாளர் 2008 இற் கணித்துக் காட்டினர். யப்பானின் கியோத்தோ நகரில் செரிப்பூ நிறைந்து மலரும் நாள்பற்றிய குறிப்புகள் 9 ஆம் நூற்றாண்டு முதற் கிடைக்கின்றன. அதுவரையிற் குறிக்கப்பட்ட நாள்கள் யாவற்றினும் முந்தியதாக 2021 மார்ச்சு 26 ஆம் நாள் அமைந்தது. புவி வெப்பமுறுகின்றது என்னும் பெரிய உண்மைக்கு, பூப்பார்த்து நடந்த சிலரின் சிறு குறிப்பேடுகள் சான்றாய் நிற்கின்றன.

அத்தகைய ஒரு குறிப்பேட்டை ஒவ்வொரு வகுப்பும் தொடங்கலாம். வேம்பு முதற்பூ விரித்த நாள், முள்முருக்குச் சிவந்த நாள், ஆறுமணிக்குருவியின் குரல் கடைசியாகக் கேட்ட நாள், வளவுக் கிணற்றில் நீர் நின்ற படி, கோலின் நிழல் மறைந்த நாள் என ஐந்து குறிப்புகள் போதும். செடியின் பெயர் தெரியாவிடத்துப் பாட்டனையோ பாட்டியையோ கேட்டு எழுதுதல் வேண்டும். அதனாற் பெயரும் நிலைக்கும், முதியோரோடு பிள்ளைகளின் உறவும் வளரும். தடைப்பலகை நாட்டிய நிலத்துட் புகாது, மக்கள் வழங்கும் பாதையிலே செல்லுதலும், கூட்டையும் கிளையையும் தீண்டாதிருத்தலும் நடப்போர் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கம்.

பத்து ஆண்டுகள் தொடர்ந்த குறிப்பேடு ஒரு பாடசாலையின் செல்வமாகும். ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்தது நாட்டின் செல்வமாகும். அதனைத் தொடங்குதற்கு வேண்டுவன ஓர் எழுதுகோலும், ஒரு கொப்பியும், வெயிலேறுமுன் எழுந்து புறப்படும் மனமுமேயாம். வேம்பு எவரையும் எதிர்பாராது ஆண்டுதோறும் பூக்கின்றது. அது பூத்த நாளை அறிந்து எழுதிவைப்போர் ஊர்தோறும் ஒருவராயினும் உளராதல் வேண்டும்.